கிணறு விட்ட மூச்சு

நேற்று மாமல்லபுரத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்ததும், அடைந்துகிடந்த ஈர வாடை மேலே வந்தது. சின்ன வயதில் பார்த்த ஒரு கிணறு நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில் செங்கல்பட்டுப் பக்கம் என்னைப் பெற்ற அத்தா பம்புசெட் மெக்கானிக். பல வருடம் மூடிக்கிடந்த ஒரு கிணற்றில் மோட்டார் வைக்க இறங்கப்போனார். அம்மாவும் சின்னப்பெண்ணான நானும் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தோம்.

"சும்மா எறங்காதீங்க. பூமிக்கும் உசுரு கீது. வெளக்க எறக்கிக் கேட்டுட்டுப் போங்க," என்றாள் அம்மா.

"கெணறுன்னா வெறும் பள்ளம். அதுகிட்ட இன்னாத்த கேக்கறது?" என்று அத்தா சிரித்தார். கால்களை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டு, அம்மாவுக்காக அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் இறக்கினார்.

பாதி ஆழத்தில் விளக்கு அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினார். அதே இடத்தில், யாரோ ஊதியதுபோல அணைந்தது.

"வேணாங்குது," என்று முணுமுணுத்து, அம்மா துஆ ஓத ஆரம்பித்தாள்.

"உள்ள விஷக்காத்து கீது," என்றார் அத்தா. குரல் மாறியிருந்தது.

எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. கீழே ஏதோ ஒன்று அத்தாவுக்காகக் காத்திருக்கிறது. அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அலறினேன். அத்தா மெல்லக் கால்களை வெளியே எடுத்தார். என்னைத் தூக்கிக்கொண்டு, கிணற்றைத் திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார். அவருக்கும் பயம் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.