பானெட்டில் வைத்த கை

எண்பதுகளின் நடுவில், பாப்பிரெட்டிப்பட்டியில் குடியிருந்தபோது, ஒரு பழைய கார் வாங்கினேன். ஆசைக்காக அல்ல. என் மனைவிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. பத்து மைல் தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் பஸ்ஸில் போய் வந்தாள். பஸ்ஸின் முதல் படி அவளுக்கு மலை. ஒருமுறை கூட்டம் நெருக்கியதில் படியிலிருந்து விழுந்து முழங்கை பிசகிய பிறகுதான் கார் பேச்சே எழுந்தது.

காரைப் பற்றிப் படித்தவள் அவள்தான். பஸ் டிரைவர் ஒருவர் அவள் ஏறும்வரை வண்டியை நகர்த்தமாட்டார், நல்ல மனுஷர். அவரிடம் கேட்டுக் கேட்டு, கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாளில் எழுதிக் கொடுத்தாள். மேட்டில் ஏற்றிப் பார்க்கணும். புகை நீலமாக வந்தால் வேண்டாம். கதவு இடுக்குகளில் புதுப் பெயிண்டு இருந்தால் அடியில் துரு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, கோடு போட்டு: ஸ்டார்ட் பண்ணும் முன்னே பானெட்டைத் தொட்டுப் பார்க்கணும். சூடாக இருந்தால், ஆறினால் கிளம்பாத வண்டியை ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடணும்.

"நானும் வரேங்க" என்றாள்.

"பாலக்கோட்டுக்கு ரெண்டு பஸ் மாறணும். உனக்கு எதுக்கு சிரமம்?" என்றேன். கரிசனம் மாதிரிதான் இருந்தது. உண்மையில் காரைச் சுற்றிக் காலை இழுத்து நடந்து என் மனைவி கேள்வி கேட்பதும், நான் பக்கத்தில் சும்மா நிற்பதும் எனக்குப் பிடிக்கவில்லை.

காரை விற்றவர் பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருந்தார். வெயில் ஏறும் முன்பே போய்விட்டேன். வெள்ளைக் கார், பளபளவென்று நின்றது. மண்டி ஆட்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். யதார்த்தமாகச் சாய்வதுபோல் பானெட்டில் கை வைத்தேன். சுட்டது.

"சூடா இருக்குதே?" என்றேன்.

"நீங்க வர்றீங்கன்னு தொடச்சு வெக்க வெளிய எடுத்தனுங்க சார்" என்றார். காபி வந்தது. "உங்கள மாதிரி படிச்ச ஆளுக்குத்தான் குடுக்கோணும்னு வெச்சிருந்தனுங்க. வூட்டம்மாவக் கூட்டியாரலீங்களா?"

"அவளுக்கு இதெல்லாம் என்னங்க தெரியும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. மனைவி எழுதிக் கொடுத்த சீட்டை அத்தனை ஆம்பளைகள் முன்னால் பிரிக்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. கடைவீதியில் சமதளத்தில் ஒரு சுற்று ஓட்டினேன். அவள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தேன்.

"எழுதினதெல்லாம் பாத்தீங்களா?" என்றாள்.

"ஒண்ணு விடாம" என்றேன்.

மறுநாள் காலையிலேயே வண்டி கிளம்பவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "இஞ்சின் நல்லா தேஞ்சு போச்சுங்க. ஆறிப்போனா புடிக்காது. பெரிய செலவு ஆவும்" என்றார். அந்தச் செலவுக்கு வழியில்லை. தினமும் தெருச் சரிவில் நிறுத்திவைத்து, காலையில் உருட்டிக் கிளப்பினேன். கிளம்பினால் போதும் என்று அவளும் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு மழைக்காலக் காலை. ஊர் தாண்டி ஒரு மைல் போயிருப்போம். எதிரே கரும்பு டிராக்டர் வந்தது. ஓரம்கட்டிப் பிரேக் போட்டதும் இஞ்சின் நின்றுபோனது. அவளுக்கு அன்று பரீட்சை டியூட்டி. ஜன்னல் வழியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நானே தள்ளிப் பார்த்தேன். லேசான மேடு; கொஞ்சம் நகர்ந்தது, நான் தாவி ஏறுவதற்குள் நின்றுவிட்டது. டிராக்டர் போன பிறகு சாலையில் ஆள் அரவமே இல்லை.

"நீங்க உள்ள உக்காருங்க. எனக்கு ஓட்டத் தெரியாதுல்ல, நான் தள்ளறேன்" என்று இறங்கினாள். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். ஒருமுறைதான்.

கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். மழையில் குனிந்து, நல்ல காலைச் சேற்றில் ஊன்றி, மற்றதை இழுத்து இழுத்துத் தள்ளினாள். எந்தக் காலுக்காகக் கார் வாங்கினேனோ அந்தக் காலோடு. மெதுவாக நகர்ந்து, மேடு முடிந்து சரிவில் உருண்டதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி நின்றுவிடும் என்ற பயத்தில் வெகுதூரம் போய்த்தான், இஞ்சினை உறுமவிட்டபடி நிறுத்தினேன். அவ்வளவு தூரமும் அவள் நடந்து வந்தாள்.

ஏறி உட்கார்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏங்க, அன்னிக்கு பானெட்டு சூடா இருந்துச்சா?"

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம்.

"இல்லயே, ஜில்லுன்னுதான் இருந்துச்சு" என்றேன்.

குனிந்து, காலில் ஒட்டிய சேற்றை வழித்தாள்.

"அப்ப நாந்தான் சரியாக் கேட்டு எழுதல போல" என்றாள்.