இடது ஓரத்துப் புள்ளி

கையெல்லாம் ஒட்டுகிறது. பழைய கமராவை அலுமாரியிலிருந்து எடுத்ததன் பலன். கை பிடிக்கிற இடத்துக் கறுப்பு ரப்பர் இளகி, வெயிலில் வைத்த தொதல் அல்வா மாதிரி ஆகிவிட்டது. கொழும்பில், வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் பக்கத்தில் வீடு எடுத்தவனுக்கு இது புதினமில்லை. இந்த உப்புக் காற்று ஜன்னல் கொளுக்கியைத் தின்றது, தண்ணீர் மோட்டரைத் தின்றது, லென்ஸுக்குள் புகுந்து பூஞ்சணமும் வளர்த்தது. அரிசி வாளிக்குள் வைத்தால் ஈரம் ஏறாது என்று யாரோ சொல்ல முன்பொருமுறை அதையும் செய்து பார்த்தேன். ஒரு கிழமையாகச் சோறு ரப்பர் மணக்குது என்று மனைவி முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்ததுதான் மிச்சம். புறக்கோட்டையில் கமரா திருத்துகிற சிங்களப் பொடியன் இதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “மேக இவரயி அய்யே,” என்றான். இது முடிஞ்சுது அண்ணை என்று அர்த்தம். எனக்கு மட்டும் தெரியாதாக்கும்.

முடிந்துபோன சாமானை இப்போது ஏன் எடுத்தாய் என்று கேட்பீர்கள். சுகந்திதான் காரணம், முன்பு நான் கலியாணப் படம் எடுத்துக் கொடுத்த பிள்ளை. காலையில் போனில் கோல் எடுத்தாள். அவளுடைய அம்மா போன மாதம் செத்துப்போனா. முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கக் கொடுக்க வேண்டுமாம், முன்பக்கத்துக்கு அம்மாவின் படம் வேண்டுமாம். கதையின் பாதியில் ரயில் வந்துவிட்டது. ரயில் போகிற நேரம் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் கதைப்பதில்லை, கதைத்தும் பிரயோசனமில்லை. போன பிறகு மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அடையாள அட்டைப் படத்தில் அம்மா பிடிபட்ட கள்ளன் மாதிரி முழிக்கிறாவாம். போனில் எடுத்த படங்களில் ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறா, மற்றதுகளில் என்னை விடு என்று கையை நீட்டி முகத்தை மறைக்கிறா.

“அண்ணா, என்ரை கலியாணத்தில நீங்கள் எடுத்தியளே, அந்தப் படம்,” என்றாள்.

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. பின்னேரம் கோல் எடுக்கிறேன் பிள்ளை என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் படம் என்னிடம் இல்லை. இல்லை என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டும் ஏன் கேட்கிறாள் என்றுதான் காலையிலிருந்து மண்டை காய்கிறது.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில், மரியதாஸ் முதலாளியின் ஸ்ரூடியோவில் வேலை. பிலிம் போய் டிஜிட்டல் வந்த காலம். முதலாளிக்கு அந்த மாற்றத்தில் துளியும் சந்தோஷமில்லை. இருந்தாலும் பக்கத்துத் தெரு ஸ்ரூடியோ வாங்கிவிட்டதே என்ற வயிற்றெரிச்சலில் ஒன்றை வாங்கினார். இப்போது என் கையில் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான். அதற்குள் கண்ணை வைத்துப் பார்த்தால் ஒன்பது சின்னச் சதுரங்கள் தெரியும், நாங்கள் புள்ளி என்போம். எந்தப் புள்ளி சிவப்பாக மின்னுகிறதோ அதற்குக் கீழே இருப்பது தெளிவாக விழும், மற்றதெல்லாம் மங்கும். ஒன்பதையும் திறந்துவிட்டால் கமரா தன் எண்ணத்துக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதனுடைய எண்ணமோ மகா மட்டமான எண்ணம். எது கிட்ட இருக்கிறதோ அதைப் பிடிக்கும். கலியாண வீட்டில் கமராவுக்குக் கிட்ட இருப்பது பொம்பிளையும் மாப்பிள்ளையுமா? கும்பத்துத் தேங்காய், குத்துவிளக்கு, குறுக்கே தலையை நீட்டுகிற மாமாவின் வழுக்கை. அந்த வருடம் நான் எடுத்த கலியாணங்களில் தேங்காய்கள் எல்லாம் மிகத் தெளிவாக வந்திருந்தன.

ஒன்பது என்பதால் நான் அதற்கு நவக்கிரகம் என்று பெயர் வைத்தேன். ஒன்று பார்க்கிற பக்கம் மற்றது பார்க்காது. நடுவில் சூரியன், இடது ஓரத்தில் சனி. முதலாளி வேதக்காரர், இதைக் கேட்டுவிட்டு நன்றாகச் சிரித்தார். “எங்களுக்கு ஒருத்தர் போதும், நடுவில நிக்கிறவர்,” என்றார். அவருடைய கட்டளையும் அதுதான். நடுப்புள்ளியை மட்டும் வைத்துக்கொள், மற்ற எட்டையும் மறந்துவிடு. இன்னொரு கட்டளையும் உண்டு. படம் பதிகிற சிப் அப்போது யானை விலை, எங்களிடம் இருந்ததோ சின்னச் சிப், ஆகையால் பழுதாய்ப் போன படங்களை அங்கேயே நின்று அழித்துக்கொண்டு வர வேண்டும்.

நடுப்புள்ளியை வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். விட்டால்தானே என் மூக்கு. எனக்கு வலது கண் பார்வை சின்ன வயதிலிருந்தே மட்டம், இடது கண்ணால்தான் கமராவைப் பார்ப்பேன். இடது கண்ணை வைத்தால் மூக்கு எங்கே போகும்? நேரே கமராவின் முதுகில் இருக்கிற வட்டப் பொத்தானில் போய்க் குந்தும். புள்ளியை இடம் மாற்றுகிற பொத்தான் அதுதான். சாதாரண மூக்குக்காரருக்கு ஒன்றும் நடக்காது. எங்கள் அப்பா வழியில் எல்லோருக்கும் கத்தரிக்காய் மூக்கு. நான் நடுவில் வைத்த சிவப்புப் புள்ளி, குனிந்து நிமிர்வதற்குள் சனீஸ்வரனிடம் போய் நிற்கும். பெருவிரலால் திருப்பிக் கொண்டுவருவேன், மூக்கு மறுபடி தள்ளும். கமரா செய்த யப்பான்காரனுக்கு மூக்கு என்ற சாமானைப் பற்றி ஏதும் தெரியுமா என்று அந்த நாட்களில் நான் திட்டாத நாளில்லை.

சுகந்தியின் கலியாணம் கொட்டாஞ்சேனையிலேயே ஒரு மண்டபத்தில். அவளுக்கு அப்பா இல்லை. தாரை வார்த்துக் கொடுக்கப் பெரியப்பாவும் பெரியம்மாவும் மணவறையில் இருந்தார்கள். அம்மா இல்லையா என்று கேட்காதீர்கள், இருந்தா. தாலிகட்டும் நேரம் அந்த மனுசி முன்னுக்கு வரக் கூடாது, அவ்வளவுதான். யாரும் வாய்விட்டு வராதே என்று சொல்லவுமில்லை. தானாகவே போய் மணவறைக்குப் பின்னால், இடது பக்கத்துத் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றா. பெற்று, வளர்த்து, வெள்ளவத்தைக் கடைகளில் ஏறி இறங்கிக் கூறைச் சேலை எடுத்தவ தூணுக்குப் பின்னால். வெளிநாட்டிலிருந்து முதல் நாள் வந்திறங்கிய சித்தப்பா குடும்பம் முன்வரிசையில். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பத்திக்கொண்டு வரும்.

கெட்டிமேளம் அடித்தது. ஆட்கள் எழும்பினார்கள். நான் கமராவைக் கண்ணில் வைத்தேன், மூக்கு தன் வேலையைச் செய்தது, விரல் அமர்த்திய பிறகுதான் சிவப்பு மின்னியது இடது ஓரத்தில் என்று கண்டேன். வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிப் புள்ளியை நடுவுக்குக் கொண்டுவந்து மிச்ச முடிச்சுகளை ஒழுங்காக எடுத்தேன். ஆகையால் தாலிகட்டுப் படம் இல்லாமல் போகவில்லை. முதல் படம் மட்டும் அப்படி.

டிஜிட்டல் வந்த பிறகு ஒரு புதுப் பழக்கம் தொடங்கியிருந்தது, காட்டுங்கோ பாப்பம் என்று. பிலிம் காலத்தில் இப்படிக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வராது, கேட்டாலும் காட்ட ஒன்றுமில்லை. கூறையை மாற்றி வேறு சேலை உடுத்திக்கொண்டு வந்த சுகந்தி, மண்டபத்து அறை வாசலில் என்னை மறித்து, தாலிகட்டினதைக் காட்டச் சொன்னாள். முதலில் வந்தது அந்தப் படம். மாப்பிள்ளையும் பொம்பிளையும் நிறமும் நகையுமாகக் கரைந்துபோய் இருந்தார்கள். பின்னால் அம்மா, அப்படியொரு தெளிவு. கை மேலே உயர்ந்து, விரல்கள் விரிந்து, மஞ்சள் அரிசி நாலைந்து அந்தரத்தில். அறுகரிசி. கலியாண வீட்டில் கட்டினதுகள் சோடி சோடியாக வந்து பொம்பிளை மாப்பிள்ளை தலையில் போடுகிறதே, அந்த அரிசி. எங்கேயோ ஒரு பிடி எடுத்து வைத்திருந்து, எல்லோரும் தாலியைப் பார்க்கிற நேரம் தூணடியில் நின்று மகளுக்குப் போட்டிருக்கிறா. அது மகளின் தலைக்குப் போயிராது. தன் காலடியிலேயே விழுந்திருக்கும்.

சுகந்தி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“அழியுங்கோ அண்ணா,” என்றாள்.

எனக்கு மனமில்லை. மற்றப் படங்கள் இருக்குத்தானே, இது ஒரு பக்கத்தில் கிடக்கட்டுமே என்றேன்.

“தாலி கட்டேக்கை நாங்கள் மங்கிப்போய், அம்மா மட்டும் தெளிவா. இதை ஆக்கள் பாத்தா என்ன சொல்லுவினம்? நாளைக்கு எனக்குத் தலையிடி வந்தாலும் அம்மான்ரை தலையிலதான் போடுவினம். கட்டாயம் அழியுங்கோ.”

அதற்குள் பெரியம்மா கூப்பிட, போய்விட்டாள். நான் அந்த வாசலிலேயே நின்று குப்பை வாளிப் படம் போட்ட பொத்தானை அமர்த்தினேன். நிச்சயமா என்று கமரா ஒருமுறை கேட்டது, ஓம் என்றேன். சிப்பும் நிறைந்துகொண்டு வந்தது, முதலாளியின் கட்டளையும் அதுதான். மணவறையில் இருந்துகொண்டு சுகந்தி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். நான் தலையாட்டினேன்.

போன கிழமை வெள்ளவத்தையில் ஒரு கலியாணத்துக்குப் போனேன், சாப்பிடுகிறவனாக. படமெடுத்த பிள்ளையின் கமராவை வாங்கிப் பார்த்தேன். புள்ளியும் இல்லை, பொத்தானும் இல்லை. யாரை நோக்கித் திருப்பினாலும் ஓடிப்போய்க் கண்ணில் ஒரு கட்டம் போட்டு நிற்கிறது. அந்தப் பிள்ளை இனி ஆயிரம் கலியாணம் எடுத்தாலும் தூணடியில் நிற்கிறவர்களைத் தப்பித் தவறியும் எடுக்கமாட்டாள். சுகந்தியின் படம் பிலிமாக இருந்திருந்தால் நெகட்டிவ் என்று ஒரு துண்டு, நல்லதும் பழுதும் சேர்ந்து, முதலாளியின் பழுப்பு உறை ஒன்றுக்குள் கிடந்திருக்கும். பழுதை எறிய ஒருவருக்கும் அந்த நாட்களில் வழியிருக்கவில்லை. இப்போது முதலாளி மகளோடு கனடாவில், ஸ்ரூடியோ இருந்த இடத்தில் போனுக்கு உறை விற்கிறார்கள். அந்தச் சிப்பில் எத்தனையோ கலியாணம் ஏறி இறங்கிவிட்டது. இது தெரிந்தும் பகல் முழுக்க அலுமாரியைக் கிளறினேன், பழைய சீடி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். மனைவி என்ன தேடுறியள் என்று கேட்டதற்கும் எரிந்து விழுந்தேன்.

பின்னேரம் நான் கோல் எடுக்க முதல் அவளே எடுத்தாள்.

“அண்ணா, அண்டைக்கு நீங்கள் தலையாட்டினனீங்கள்,” என்றாள். “சும்மாதானே ஆட்டினனீங்கள்?”

இதற்காகத்தான் காலையில் கேட்டிருக்கிறாள். இத்தனை வருடமாக, நான் தன்னை ஏமாற்றியிருப்பேன் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாள். கலியாண வீடுகளில் நாளைக்குத் தாறன், மற்றக் கிழமை தாறன் என்று நான் விட்ட புளுகுக்குக் கணக்கில்லை. ஒரு நாள், அந்த ஒரே ஒரு நாள், சொன்ன சொல்லுக்கு ஒழுங்காக நடந்திருக்கிறேன்.

“இல்லைப் பிள்ளை. அழிச்சனான்.”

“ஓம், நான்தானே சொன்னனான்,” என்றாள். அழவில்லை. அடையாள அட்டைப் படத்தையே போடுவோம் என்றாள். வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

“நான் அரிசியைத்தான் அண்ணா பாத்தனான், முகத்தைப் பாக்கேல்லை. அம்மா சிரிச்சவாவோ, அழுதவாவோ?”

நான் பார்த்தேன். பொத்தானை அமர்த்த முதல் பெருப்பித்தும் பார்த்தேன், பழக்கதோஷம். கண் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். இமைமயிர் எண்ணலாம் போல விழுந்திருந்தது. அது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்தக் கண் நனைந்திருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை, அந்தச் சிவப்புப் புள்ளிதான் வருகிறது.

“ரயில் போகுது பிள்ளை, ஒண்டும் கேக்கேல்லை, பிறகு எடுக்கிறன்,” என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அப்போது ரயில் ஒன்றும் போகவில்லை.