போர்ட்டிக்சனில் பார்த்த வீடு

"நாலு எழுத்து படிச்சிட்டா வீடு பாக்கத் தெரிஞ்சிடுமாலா?" என்று எங்கள் ரப்பர் தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் அப்பாவிடம் கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்திலும், தோட்டத்து எழுத்தர்களான கிராணிமாரின் குடும்பங்கள் விடுமுறைக்குப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போயின. அவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவதற்காக, அப்பாவின் சேமிப்பில் வாங்க ஒரு வீடு தேடினேன்.

ஒதுக்குப்புறத்தில் ஒரு பலகை வீடு மலிவாக வந்தது. தரகர் நீட்டிய ஆங்கில நிலப்பத்திரத்தை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. முன்பணத்தைக் கொடுக்கச் சொன்னேன்.

வீட்டுக்காரச் சீன அம்மா அப்பாவின் கையைத் தடுத்து, மலாயில் மெதுவாகச் சொன்னார்: "வாங்காதீங்க. காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போடுவோம்னு, அடுத்த வாரம் பட்டாளத்துக்காரங்க எங்கள லாரியில ஏத்தி முள்வேலி போட்ட புதுக் கிராமத்துக்குக் கொண்டுபோறாங்க. இந்த வீட்ட இடிச்சிருவாங்க."

தரகர் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அது இதுல எழுதலியா, தாயி?" என்று அப்பா என்னிடம் கேட்டார்.

"இல்லப்பா" என்றேன். பத்திரத்தைப் படித்த நான், அங்கே குடியிருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தனக்கு வரவிருந்த பணத்தை அந்த அம்மாவே வேண்டாமென்றார்.

முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்து, அவருக்கு மாற்று நிலம் கேட்டு ஆங்கிலத்தில் மனு எழுதினேன். நேற்று அதை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.