நடு ஏரியில் எழுந்து நின்றேன்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு தை மாதக் காலை. போடிமெட்டு தாண்டி, மூணாறுக்கும் மேலே, ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குள் இருக்கும் ஏரியின் நடுவில், ஒல்லியான பிளாஸ்டிக் படகு ஒன்றில் நான் எழுந்து நின்றேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான். ஏன் நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

தேனியில் எனக்கு மோட்டார் பம்ப் கடை. ஆண்டிபட்டியிலிருந்து கடமலைக்குண்டு வரை எத்தனையோ கிணறுகளில் நான் விற்ற மோட்டார்தான் தண்ணீர் இறைக்கிறது. ஆனால் எந்தக் கிணற்றிலும் முழங்காலுக்கு மேல் நான் நனைந்தது கிடையாது. நீச்சல் தெரியாது. தண்ணீரை மேலே ஏற்றுவதுதான் என் தொழில், உள்ளே இறங்குவது அல்ல என்று யாராவது கேட்டால் சமாளிப்பேன்.

அப்போது மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஏழெட்டு இடத்தைத் தட்டிக் கழித்தவள், இந்த ஒரு பையன் விஷயத்தில் மட்டும் “சரிப்பா” என்றாள். பையனுக்குக் கொச்சியில் வேலை. அவன் அப்பாவுக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம், முப்பது வருடமாக எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டைப் பார்க்கப் போகிறோம். சம்பந்தம் முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டோம், அதாவது ஒரு வாய் சாப்பிட மாட்டோம். அன்று மதியம் அங்கே இலையில் கை வைத்துவிட்டால் கல்யாணம் உறுதி.

போடிமெட்டு வளைவுகளில் கார் ஏறும்போதே என் மனைவி ஆரம்பித்துவிட்டாள். “அங்கன போயி உங்க பெருமையெல்லாம் அவுத்து விடாதீக. புள்ள மொதத் தடவையா சரின்னிருக்கா. கெடுத்துட்டு வந்தீகன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன்.”

நான் வாயைத் திறப்பேனா என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். போய் உட்கார்ந்த கால் மணி நேரத்தில் திறந்துவிட்டேன்.

“சாருக்கு மீன்பிடிக்கிற பழக்கம் உண்டா?” என்று மாப்பிள்ளையின் அப்பா சாதாரணமாகத்தான் கேட்டார்.

“பெரியாத்து வாய்க்கால்தான் சார் நமக்குத் தொட்டிலு.”

“நீச்சல்?”

“மீனுக்கே சொல்லிக் குடுப்பேன்.”

அடுப்படிக்குள் மாப்பிள்ளையின் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த என் மனைவி கையிலிருந்து ஏதோ டம்ளர் கீழே விழுந்தது.

அவரும் சும்மா இருக்கவில்லை. “நானும் அப்படித்தேன் சார். இந்த ஏரிய இக்கரைக்கும் அக்கரைக்குமா நீந்திருவேன். வாங்க, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் கெடக்கு. பையன் வாங்கிப் போட்ட படகு சும்மாதான் நிக்கிது.”

அந்தப் படகின் பெயர் கயாக். வெள்ளரிக்காயை நீளவாக்கில் வெட்டி நடுவில் குடைந்தெடுத்த மாதிரி இருந்தது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். போட்டுக்கொள்ள லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். மேல் கொக்கி மாட்டியது. கீழே இருந்த இரண்டும் என் வயிற்றைத் தாண்டி வர மறுத்துவிட்டன. வருங்காலச் சம்பந்தி முன்னால் மூச்சை உள்ளிழுத்துப் போராட வெட்கமாக இருந்தது. மேலே சால்வையைப் போர்த்திக்கொண்டு, மாட்டிவிட்டேன் என்று தலையாட்டினேன்.

தண்ணீரின் மேல் புகை மாதிரி பனி நின்றது. விரலை விட்டுப் பார்த்தேன், ஃபிரீசருக்குள் கையை விட்ட மாதிரி சுரீரென்றது. அந்தக் குளிரில்தான் ட்ரௌட் மீன் வாழுமாம். வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்து விட்டது என்றார். அதைப் பிடிக்கும் விதமே புதிதாக இருந்தது. தூண்டிலைப் போட்டுவிட்டு ஓரிடத்தில் உட்காரக் கூடாது. தூண்டிலின் நைலான் நரம்பை நூறடி பின்னால் விட்டு, தூண்டில் கம்பைப் படகில் செருகிவிட்டு, மெதுவாகத் துடுப்புப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நரம்பின் முனையில் சின்னக் கரண்டி மாதிரி ஒரு பித்தளைத் தகடு, அதில் கொக்கி. படகு போகப் போகத் தகடு தண்ணீருக்குள் தள்ளாடி மினுங்கும். குட்டி மீன் என்று நினைத்து ட்ரௌட் பாய்ந்து கவ்வும்.

“கம்பு நுனி தலையாட்டிக்கிட்டே வந்தா எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம். வெடுக்குன்னு வளைஞ்சா மீனு,” என்றார் பின்னாலிருந்து.

தலையாட்டிக்கொண்டே இருந்தால் எல்லாம் சரி. என் இல்லற வாழ்க்கையும் அதே விதியில்தான் ஓடுகிறது என்றேன். சிரித்தார். படகும் சேர்ந்து குலுங்கியது. அதோடு நகைச்சுவையை நிறுத்திக்கொண்டேன்.

கரையை ஒட்டியே போவோம் என்று மனம் கெஞ்சியது. ஆனால் மீனுக்கே நீச்சல் சொல்லிக் கொடுப்பவன் அதை எப்படிக் கேட்பான்? நடு ஏரிக்கு வந்துவிட்டோம்.

கம்பு வளைந்தது.

வளைந்தது என்றால் சும்மா இல்லை, வில்லாக வளைந்தது! கம்பில் நரம்பு சுற்றியிருந்த சக்கரம் கிர்ரென்று கத்திக்கொண்டு நரம்பை விட்டது. தூரத்தில் வெள்ளியும் ரோஜா நிறமுமாக ஒன்று தண்ணீரைக் கிழித்து எகிறி விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. “மாட்டிருச்சு! மாட்டிருச்சு!” என்று மலை அதிரக் கத்தினேன்.

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் கம்புக்குப் பக்கத்தில் இருந்தவன் மீனை இழுத்திருப்பான். நாங்கள் தேனி மாவட்டத்துக்காரர்கள்.

“நீங்க இழுங்க சார். நீங்கதேன் விருந்தாளி.”

“அய்யய்யோ, உங்க ஏரி. நீங்க இழுக்கறதுதான் மொறை.”

“மொத மீனு உங்க கையால வரட்டும்.”

“பெரியவுக நீங்க இருக்கையில…”

மீன் இதற்குள் பாதி ஏரி ஓடியிருக்கும். கடைசியில் அவர் முடிவெடுத்துக் கம்பை உருவி, தாம்பூலத் தட்டு நீட்டுகிற மாதிரி இரண்டு கையாலும் பயபக்தியோடு என்னிடம் நீட்டினார்.

சம்பந்தம் பேச வந்த இடத்தில், மாப்பிள்ளையின் அப்பா இரண்டு கையால் கொடுப்பதை, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு ஒரு கையால் வாங்கலாமா? துடுப்பைக் கீழே வைத்தேன். எழுந்தேன். திரும்பி, குனிந்து, இரண்டு கையாலும் வாங்கினேன்.

அடுத்த நொடி வானம் கீழேயும் ஏரி மேலேயும் இருந்தன.

அந்தக் குளிரை எழுத என்னிடம் வார்த்தை இல்லை. மூச்சு உள்ளே போன இடத்திலேயே நின்றுவிட்டது. மாட்டாத ஜாக்கெட் மேலே ஏறி என் காதுவரை வந்து, வாயை மூடி, ஆமை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்ட தலையாக என்னை ஆக்கியது. கைகள் தானாக அடித்துக்கொண்டன. “ஆத்தா கௌமாரி! காப்பாத்து! தீச்சட்டி எடுக்கிறேன்!” என்று அவள் கோயில் கொண்ட வீரபாண்டி இருக்கும் திசைகூடத் தெரியாமல் அலறினேன். ஐஸ் தண்ணீரில் கிடப்பவனுக்குத் தீச்சட்டி மேல் ஆசை வந்ததில் ஆச்சரியம் இல்லை.

மூன்றடி தள்ளி அவர் தலை தெரிந்தது. கவிழ்ந்த படகைக் கட்டிப்பிடித்திருந்தார்.

“சார்! எனக்கு நீச்சல் தெரியாது!”

“தெரியும்னீகளே?”

“பொய் சொன்னேன் சார்!”

“அடப்பாவி மனுசா! எனக்கும் தெரியாதே! உங்கள நம்பித்தானய்யா நடு ஏரிக்கே வந்தேன்!”

செத்தோம் என்று தெரிந்துவிட்டது. சாகும்போது பாரத்தோடு போகக் கூடாது என்று ஒரு ஞானம் வந்தது. வாய் வரை ஏறிய ஜாக்கெட்டை ஒரு கையால் கீழே தள்ளிக்கொண்டு கத்தினேன். “எம்மகளுக்குச் சமைக்கத் தெரியாது சார்! அன்னைக்கு நீங்க பாராட்டுன கொழம்பு அவுக அம்மா வச்சது! சுடுதண்ணிகூட…”

அதற்குள் ஒரு மடக்கு ஏரி வாய்க்குள் போனது. நான் உள்ளே போனேன்.

சட்டைக் காலரை ஒரு கை கொத்தாகப் பிடித்தது. மேலே இழுத்தது. ஒரு கையில் படகு, ஒரு கையில் நான். நீச்சல் தெரியாத அந்த மனிதர் பற்கள் கிடுகிடுக்கக் கத்தினார்.

“எம்பையன் நல்லாச் சமைப்பான்! அதப் பொறகு பேசுவோம்! படகப் புடிங்க சம்பந்தி! கால ஒதைங்க!”

சம்பந்தி! அதுவரை அவர் என்னைச் சார் என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

உதைத்தேன். அவரும் உதைத்தார். நீச்சலில் சேராத ஒரு வகையில், இரண்டு எருமைகள் போல, கவிழ்ந்த படகைத் தள்ளிக்கொண்டு போனோம். “விட்றாதீக சம்பந்தி”, “நீங்க விட்றாதீக சம்பந்தி” என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே இருந்தோம். காற்றும் கொஞ்சம் கருணை காட்டியது. கடைசியில் என் கால் சேற்றில் தட்டியபோது, என் ஒரு ஷூ ஏற்கெனவே ஏரிக்குச் சொந்தமாகியிருந்தது.

கரையில் குப்புற விழுந்து கிடந்தோம். எழ முயன்றபோதுதான் கவனித்தேன், என் இடது கை இன்னும் அந்தக் கம்பைப் பிடித்திருந்தது. மரியாதையாகக் கொடுத்ததைக் கீழே போடுவதா? குளிரில் விரல் மடங்கிப்போய்ப் பிரிய மறுத்தது. அவர்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். அப்போது நரம்பு ஒருமுறை வெடுக்கென்று துள்ளியது!

இந்த முறை யார் இழுப்பது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். ஒன்றரைச் சாண் ட்ரௌட். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, நடுவில் ரோஜாக் கோடு. அத்தனை கூத்துக்கும் அது ஒன்றுதான் சாட்சி.

சொட்டச் சொட்ட வாசலில் போய் நின்றோம். என் மனைவி மேலும் கீழும் பார்த்தாள். “கை நனைக்கத்தானே வந்தோம்? மொத்தமா நனைஞ்சு வந்து நிக்கிறீக!”

நான் வாயைத் திறக்கும் முன்னே அவர் சொன்னார். “சம்பந்தியம்மா, எல போடச் சொல்லுங்க. மீனு கொண்டாந்திருக்கோம்.” அவருடைய வேட்டியைக் கட்டிக்கொண்டு, அவருடைய ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டு, அந்த ஒன்றரைச் சாண் மீனை நான்கு பேரும் பங்கிட்டுச் சாப்பிட்டோம்.

பங்குனியில் நிச்சயதார்த்தம். மண்டபம் நிறைய உறவுக்காரர்கள். அவர் தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். பழக்கதோஷத்தில் நான் எழப் போனேன். அவர் என் பக்கம் குனிந்து, “எந்திரிக்காதீக சம்பந்தி, உக்காந்தே வாங்குங்க,” என்றார். உட்கார்ந்தே வாங்கினேன். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

மரியாதை தெரியாதவன் என்று என் பெரியப்பா இன்றும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார். சித்திரைத் திருவிழாவில் நான் தீச்சட்டி எடுத்தது எதற்கென்றும் அவருக்குத் தெரியாது. தனக்கும் நீச்சல் தெரியாது என்று அலறிக்கொண்டே என் காலரை விடாமல் பிடித்திருந்ததே ஒரு கை, அந்தக் கையை நம்பித்தான் என் மகளை அந்த வீட்டுக்கு அனுப்பினேன். மற்ற விசாரணை எதுவும் அதன் பிறகு எனக்குத் தேவைப்படவில்லை.