ஒலிபெருக்கியில் கேட்ட காலடி

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில் ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் கணினி வாங்கியபோது, அதை ஓட்ட வெர்னா லிண்ட்க்விஸ்டை அமர்த்தினார்கள். முப்பத்தொரு வயது, தனிக்கட்டை, வாயைத் திறப்பதே அபூர்வம். கணினியோடு ஒரு சின்ன ஒலிபெருக்கியை இணைத்திருந்தார்கள். வேலை ஓட ஓட அது முனகும். முனகல் மாறினால் எங்கே கோளாறு என்று வெர்னா தலை நிமிராமலே சொல்லிவிடுவாள்.

நிரல் எழுதியவர் ஆர்வில் டெகார்ட். போரில் அடிபட்டதில் இடது காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். இரண்டு சின்ன அடி, ஓர் இழுவை. அவர் வருவது நடைக்கூடத்தில் அப்படித்தான் கேட்கும். 1958 ஜனவரியில், மேசையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு மத்தியானம், பாலிசிப் பதிவுகள் ஓடிக்கொண்டிருக்கையில் முனகல் சட்டென்று அடங்கியது. பிறகு டக், டக், சர்ர்ர். "ஆர்வில் நடந்து வர்ற சத்தம்," என்றாள் வெர்னா.

ஆர்விலின் இடத்துக்கு வந்திருந்த டேல் ஹோஸ்டெட்லர் சிரித்தான். "செத்தவருக்கும் நாமதான் கரண்ட் குடுக்கறோமா, வெர்னா?"

"அவர் எழுதினதுதானே இன்னும் ஓடுது. அதோட சத்தமா இருக்கும்."

டேல் அந்த நிரலைக் களைந்துவிட்டுப் புதிதாக எழுதி ஏற்றினான். மறுநாளும் காலடி கேட்டது. இந்த முறை அவன் சிரிக்கவில்லை.

அடுத்து கேட்டபோது வெர்னா கணினியை நிறுத்தினாள். எந்தப் பதிவில் நிற்கிறது என்று பார்த்து, பாலிசி எண்ணைக் குறித்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் தபாலில் அந்தப் பாலிசிக்காரரின் சாவுச் செய்தி வந்தது. அடுத்துக் காலடி கேட்ட இரண்டாவது எண்ணுக்கும் வந்தது. மூன்றாவதற்கும்.

நான்காவது எண், ஏரிக்கரையில் பால்பண்ணை வைத்திருந்த எல்மர் ஷ்ரோடலுடையது. அப்போது மார்ச் கடைசி. வெர்னா தொலைபேசியை எடுத்தாள். அவர் மனைவி ஹெட்விக் பேசினாள்.

"மீன் பிடிக்க ஏரிக்குப் போயிருக்கார். ஐஸ்ல துளை போட்டு உக்காந்திருப்பார். நீங்க யாரு?"

"இன்சூரன்ஸ் ஆபீஸ். அவரைக் கரைக்குக் கூப்பிடுங்க. இப்பவே."

"எதுக்கு?"

"கேக்காதீங்க. தயவுசெஞ்சு கூப்பிடுங்க."

மறுநாள் காலை ஹெட்விக்கே அழைத்தாள். எல்மர் கரையேறிய கொஞ்ச நேரத்தில், பனிக்கட்டி பிளந்து, அதன் மேல் மீன் பிடிக்கப் போட்டிருந்த அவருடைய குடிசை தண்ணீருக்குள் போய்விட்டதாம். வெகுநாளைக்குப் பிறகு அன்றிரவு வெர்னா நன்றாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலை, அதே எண்ணில், டக், டக், சர்ர்ர்.

வெர்னா தொலைபேசியில் அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. காலைச் சாப்பாட்டு மேசையிலேயே எல்மரின் இதயம் நின்றுவிட்டது என்று பிறகு தெரிந்தது.

அவள் கருவிப் பெட்டியிலிருந்து கத்திரியை எடுத்து ஒலிபெருக்கியின் கம்பியை நறுக்கினாள். டேல் நறுக்கிய முனைகளில் டேப்பைச் சுற்றிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். அன்று முதல் கணினி ஊமையாகவே ஓடியது. வந்த இறப்புக் கடிதங்களை வெர்னா பிரிப்பதே இல்லை.

ஏப்ரலில் ஹெட்விக், பாலிசிக் காகிதங்களில் கையெழுத்துப் போட வந்தாள். போன் பேசிய பெண்ணைப் பார்க்க வேண்டும் என்றாள். இருவரும் வரவேற்பறையில் உட்கார்ந்தார்கள்.

"எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

வெர்னா பாலிசிக் காகிதங்களை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"சரி, விடுங்க." ஹெட்விக் கையுறையைக் கழற்றி அவள் கையைப் பிடித்தாள். "அவரைத் தண்ணிக்கடியில தேட விடாம, வீட்டுலேயே கண்ணை மூட வெச்சீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என் முறை எப்பன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குத் தெரியாது," என்றாள் வெர்னா. "இனிமே யாருக்கும் தெரியாது."