ருவைஸிலிருந்து காதர் காக்காவின் கச்சேரிக்கு

1996 டிசம்பர். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ருவைஸ் கேம்ப் வாசலில் என் பழைய காரைக் கிளப்பினேன். அபுதாபி இருநூற்று நாற்பது கிலோமீட்டர். இந்த ரோட்டில் பார்க்க ஒன்றுமே கிடையாது. ஒரு பக்கம் மணல், மறு பக்கமும் மணல், நடுவில் நம்மை முந்திப் போகிற டேங்கர் லாரி. லீவு நாளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவதை விட்டுவிட்டு இதில் போக எனக்கென்ன தலையெழுத்தா என்றால், ஆமாம், தலையெழுத்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தது. பெயர் ஹமீது பாய். எங்கள் பிளான்ட்டில் கிரேன் ஆபரேட்டர். ஊர் கீழக்கரை. நான் ஸ்டோர் கீப்பர், ஊர் அறந்தாங்கி. ஏழு வருஷமாக ஒரே ரூம்.

அன்று மாலை அபுதாபியில் காதர், யூசுப், ஜெய்னுல் மூவரும் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரே மேடையில் பாடப்போகிறார்கள். இஸ்லாமிய பக்திப் பாடல்கள்தான் என்றாலும், எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கல்யாண வீடோ தர்கா கந்தூரியோ அவர்கள் குரல் ஒலிபெருக்கியில் வராமல் பந்தி போட மாட்டார்கள். இந்து, முஸ்லிம் என்று யாரும் பார்த்ததில்லை. நானே கணக்குப் பாடத்தை மறந்தேனே தவிர, அந்தப் பாட்டுகளை மறக்கவில்லை.

அந்த மூவருக்கும் பின்பாட்டுப் பாடியவர் நம் ஹமீது பாய். கேசட் உறையில் அவர் பெயர் இருக்காது, ‘குழுவினர்’ என்றுதான் போட்டிருக்கும். விசா வந்ததும் அவர் விமானம் ஏறினார். மறு வருஷம் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையில் மூவரும் பிரிந்தார்கள். தலைப் பாடகர் காதர் ஊரை விட்டுச் சென்னைக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். ஹமீது பாய் லீவில் ஊருக்குப் போனபோதெல்லாம் விசாரித்ததோடு சரி, பார்க்கக் கிடைக்கவில்லை. இப்போது குழுவில் பின்பாட்டுக்காரருக்கு விசா கிடைக்காமல் போக, “அங்கதான் நம்ம ஹமீது இருக்கானே” என்று காதர் காக்காவே சொல்லியனுப்பினாராம். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் அழைப்பார்கள். செய்தி வந்த நாளிலிருந்து ஹமீது பாய்க்குக் கால் தரையில் இல்லை. கிரேன் கேபினில் அவர் பாடுவது கீழே யார்டு வரைக்கும் கேட்டது.

காரில் அந்த மூவரின் பழைய கேசட் ஓடியது. காக்காவின் வரி முடிந்து பின்பாட்டு வரும் இடமெல்லாம் ஹமீது பாய் சேர்ந்துகொண்டார். டேப்புக்குள் இருபத்தைந்து வயசு ஹமீது, என் பக்கத்தில் நாற்பது வயசு ஹமீது. இரண்டு குரலுக்கும் வித்தியாசம் சொல்ல என்னால் முடியவில்லை.

வழியில் தரீஃபில் டீ குடித்தோம். ஐம்பது ஃபில்ஸுக்கு நல்ல டீ.

“ஒங்களுக்கும் ஒரு பாட்டத் தனியாக் குடுப்பாரா பாய்?” என்று சும்மா சீண்டினேன்.

அவர் பதறிப்போனார். “அஸ்தஃபிருல்லா! என்ன பேச்சு பேசுறே முருகேசு? அவுக விட்ட எடத்துல நான் எடுக்கணும். அவுக மூச்சு வாங்குனதும் குடுத்துறணும். அம்புட்டுத்தான் எம் பாடு. அவுக வரியில நான் வாய வச்சா அது திருட்டு.”

“அப்ப எதுக்கு இம்புட்டுப் புதுச் சட்டை, செண்டு?”

“சாவுறதுக்குள்ள ஒருக்கா அவுக பின்னாடி நிக்கணும். வேற ஒண்ணும் வேணாம்.”

பன்னிரண்டு மணிக்கு, அபுதாபிக்குச் சற்று முன்னாலிருக்கும் முசஃபா வந்தோம். அவர் ஜும்ஆ தொழப் போனார். நான் ஒர்க்‌ஷாப் வரிசைக்குப் பின்னாலிருந்த மெஸ்ஸில் மீன் குழம்போடு ஐந்து திர்ஹத்துக்கு ஒரு கட்டு கட்டினேன். அவர் வந்து ரசம் மட்டும் வாங்கிக் குடித்தார். தொண்டைக்காம்.

மூன்றரை மணி. கச்சேரி நடந்தது ஒரு பள்ளிக்கூட அரங்கில். டிக்கெட் இருபது திர்ஹம், எனக்கு ஹமீது பாய் தயவில் இலவசம். மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையில் பாடகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். யூசுப், ஜெய்னுல் இருவரையும் என்னால் அடையாளம் காண முடிந்தது. மூலையில் கழுத்தைச் சுற்றிச் சால்வையோடு ஒருவர் பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். கேசட் உறையில் பார்த்த கட்டுமஸ்தான காதர் காக்கா இவர்தான் என்று நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“டேய் ஹமீதே!” என்று அவர் எழுந்தார். “வாடா இங்க. எம் பல்லவிய எடுக்க ஆளில்லாம எம்புட்டு நாளாத் திண்டாடுறேன்டா!”

ஹமீது பாய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பிறகு ஆர்மோனியக்காரர் எந்தப் பாட்டை எத்தனை கட்டை உயரத்தில் பாடுவது என்று சுருதி பேச வந்தார். “எல்லாத்தையும் மூணு கட்டையில வச்சுக்குவோம் காக்கா. ஒங்களுக்கும் செரமம் இருக்காது.”

இதைக் கேட்டதும் ஹமீது பாய் இடையில் விழுந்தார். “மூணு கட்டையா? கப்பல் பாட்டு அஞ்சு கட்டையில பாடுனதுல்ல? இங்க உள்ள சனம் வருஷக்கணக்கா அதத்தான கேட்டுக்கிட்டு இருக்கு. அந்த ஒண்ணையாவது அஞ்சுல பாடுங்க காக்கா. ஒங்களுக்கு அதெல்லாம் ஒரு பெரிசா?”

யூசுப்பும் ஜெய்னுலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காதர் காக்கா பிளாஸ்க் மூடியைத் திருகினார். பிறகு சிரித்தார். “கேட்டீயளா, எம் பய சொல்றத? கப்பல் பாட்ட அஞ்சுலயே வையி.”

ஹமீது பாய் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் உள்ள கோளாறுதான் அது. நாம் விமானம் ஏறிய அன்றைக்கே ஊரும் அதிலுள்ள மனிதர்களும் அப்படியே நின்றுவிட்டதாக ஒரு நினைப்பு. நான் வருஷா வருஷம் என் தங்கை மகளுக்குச் சின்ன கவுனாக வாங்கிப் போய் அசடு வழிகிறவன். ஹமீது பாயிடம் இருந்ததோ ஒரு கேசட். அதில் காக்காவுக்கு வயசே ஆகவில்லை.

நாலே காலுக்குத் திரை விலகியது. அரங்கம் நிறைந்து, நடைபாதையெல்லாம் ஆட்கள். சார்ஜாவிலிருந்து வந்த கடைக்காரர்கள் முன்வரிசையில், கேம்ப்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்தவர்கள் பின்னால். முதல் நாலு பாட்டும் மூன்று கட்டையில் சுகமாகப் போயின. மூவரும் மாறிமாறிப் பாட, பின்னால் ஹமீது பாய் நின்ற அழகைச் சொல்ல வேண்டும். கண் முழுக்கக் காக்காவின் முதுகில். அவர் விட்ட இடத்தில் எடுப்பதும், மூச்சு வாங்கியதும் கொடுப்பதும் அவ்வளவு பொருத்தம்.

மஃரிப் தொழுகைக்கு முன் கடைசியாகக் கப்பல் பாட்டு. கடலில் திசை தப்பிய மரக்கலத்திலிருந்து ஒருவன் இறைவனைக் கூப்பிடுகிற பாட்டு அது. ஆர்மோனியம் ஐந்து கட்டையில் ஆரம்பித்ததுமே சனம் கத்தித் தீர்த்தது. பல்லவியைக் காக்கா எப்படியோ பாடிவிட்டார். கழுத்து நரம்பு எனக்குத் தெரிந்தது. சரணத்தில் அந்தக் கூப்பாடு மேலே போகும் இடம் வந்தது. அவர் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

ஆர்மோனியக்காரர் அந்த வரியைத் திரும்ப வாசித்தார். காக்கா கையை உயர்த்தி மறுபடி முயன்றார். பாதியில் குரல் உடைந்தது. முன்வரிசையில் யாரோ தலையைக் குனிந்துகொண்டார்கள். கத்திக்கொண்டிருந்த அரங்கம் அப்படியே அடங்கிவிட்டது. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. ஹமீது பாய்க்கும் தாங்கவில்லை. அவர் அந்த வரியை எடுத்தார்.

பத்து வருஷத்துக்கு மேலாக யாரும் கேட்காமல் கிரேன் உச்சியில் பாடிப்பாடி வைத்திருந்த குரல். ஒரு பிசிறு இல்லாமல் மேலே போனது. மேலே போய் நின்றது. சனம் எழுந்துவிட்டது. விசில், கைதட்டல், அழுகை எல்லாம் சேர்ந்து கேட்டது. நானும் எழுந்து கை வலிக்கத் தட்டினேன்.

அப்போதுதான் காக்காவைப் பார்த்தேன். அவர் மைக்கை வாயிலிருந்து மெதுவாக இறக்கினார். ஹமீது பாய் முன்னால் வர வழி விடுகிறவர் போல அரை அடி ஒதுங்கி நின்றார். முகத்தில் கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ தேவலை. அது இல்லை.

தொழுகைக்கு இடைவேளை விட்டார்கள். நான் வெளியே செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றேன். தொழுகை முடிந்து காக்கா வந்தார். பின்னாலேயே ஓடிவந்து ஹமீது பாய் அவர் கையைப் பிடித்தார்.

“காக்கா... சனம் முன்னாடி ஒங்களுக்கு ஒண்ணு ஆயிறக் கூடாதுன்னுதான்...”

காக்கா அந்தக் கையைத் தட்டிக்கொடுத்தார். “நல்லாப் பாடுனீக, ஹமீது பாய். ரொம்ப நல்லா இருந்துச்சு.”

எங்கள் பிளான்ட்டில் மேனேஜரிலிருந்து வாட்ச்மேன் வரை கூப்பிடுவது போல ‘ஹமீது பாய்’ என்றார். அதற்குப் பிறகு அவர் மேடைக்கு வரவில்லை. தொண்டை சரியில்லை என்று அறிவித்தார்கள். காக்காவின் இடத்தில் நின்று மீதிப் பாட்டைப் பாடும்படி விழாக்காரர்கள் ஹமீது பாயைக் கெஞ்சினார்கள்.

“காக்கா இல்லாத மேடையில எனக்கு என்ன வேல? போவோம், வா முருகேசு” என்றார்.

ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். முசஃபா தாண்டியதும் அவர் சொன்னார்: “மூணு கட்டையில பாடட்டும்னு விட்டிருக்கலாம்ல? அவுகளுக்கு வயசாயிருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல முருகேசு. தோணவே இல்ல.”

நான் தூக்கம் வராமலிருக்க, எதையும் யோசிக்காமல் டேப் பொத்தானை அமுக்கிவிட்டேன். காலையில் பாதியில் நிறுத்தியிருந்த அதே கேசட், அதே கப்பல் பாட்டு. அணைக்கப் போன என் கையை அவர் தடுத்தார்.

காதர் காக்கா ஐந்து கட்டையில் அந்தக் கூப்பாட்டைப் பாடி முடித்தார். பின்பாட்டு வந்தது. ஹமீது பாய் உதட்டை மூடிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். டேப்புக்குள்ளிருந்த ஹமீது மட்டும் அண்ணன் விட்ட இடத்தில் எடுத்தான், அவர் மூச்சு வாங்கியதும் கொடுத்துவிட்டான்.