லிங்க் கேட்டுத் திரிந்த வருஷங்கள்

முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, 'உங்கள் காம்பவுண்டுச் சுவரில் எங்கள் கடைப் பெயரை எழுதிக்கொள்ளட்டுமா' என்று கேட்பதுதான் இந்தத் தொழில். கதவுக்குப் பதில் ஈமெயில், சுவருக்குப் பதில் வெப்சைட், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வெப்சைட்டுக்கு வேறு எத்தனை வெப்சைட்டுகள் வழி காட்டுகின்றன என்று பார்த்துத்தான் தேடுதளங்கள் அதை முன்னால் வைப்பதா, பின்னால் தள்ளுவதா என்று முடிவு செய்துகொண்டிருந்தன. அந்த வழிகாட்டிப் பலகைக்குப் பெயர் லிங்க். ஊர் உலகமெல்லாம் கெஞ்சி அதை வாங்குவது என் வேலை. இரண்டாயிரங்களின் நடுவில் இதே வேலை பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இப்போதும் உட்கார்ந்த இடத்தில் உங்கள் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும்.

பெயர் மாற்றம்

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் ஆபீஸ். பன்னிரண்டு கம்ப்யூட்டர், ஒரே ஜன்னல். தாவரவியல் படித்துவிட்டு, வேறெதுவும் கிடைக்காமல் அங்கே போய்ச் சேர்ந்தேன். நம்ம ஊர்ப் பெயரில் மெயில் போனால் வெளிநாட்டுக்காரன் திறந்துகூடப் பார்க்க மாட்டான், அதனால் எல்லோரும் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று டீம் லீடர் பிரபு முதல் நாளே சொல்லிவிட்டார். பக்கத்து ஸீட் தேவி, 'டெபி' ஆனாள். சிட்லபாக்கத்தில் ஞானஸ்நானம் வாங்கிய என்னை மட்டும், "எஸ்தர், நீ அப்படியே இரு" என்று விட்டுவிட்டார்.

ஆளுக்குத் தினம் நாற்பது மெயில். பதில் வந்திருக்கிறதா என்று நிமிஷத்துக்கொரு தரம் பார்ப்போம். அப்படிப் பார்த்துப் பார்த்தே கீபோர்டில் பக்கத்தைப் புதுப்பிக்கிற அந்த ஒரு பொத்தானின் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. தேவி கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். முதல் வாரக் கடைசியில், ஒரு பதிலும் வராத ஸ்கிரீனைப் பார்த்தபடி சொன்னாள்: "எங்கம்மா வூடு வூடா போயி மீனு வேணுமான்னு கேட்டுகினு கீது. நான் இங்க குந்திகினு லிங்க்கு குடு, லிங்க்கு குடுன்னு கேட்டுகினு கீறேன். அதுக்காவது கூடையில மீனு கீது."

ஏழாம் பக்கம்

எங்கள் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அமெரிக்காவில் இருந்தார்கள். நேரில் வந்து நிற்கக்கூடிய ஒரே ஆள் ஞானசேகர் சார். பள்ளிக்கரணையில் செயற்கைக் கால் செய்து பொருத்தும் பட்டறை வைத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அவருக்கே இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. தானே செய்த காலைத்தான் மாட்டியிருந்தார். சனிக்கிழமைதோறும் இரண்டு மாடியும் ஏறி வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். "தேடிப் பாரும்மா" என்பார்.

'செயற்கைக் கால், சென்னை' என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடுவேன். அவருடைய பட்டறை ஏழாம் பக்கத்தில், கீழிருந்து இரண்டாவதாக வரும். போன மாதம் பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது, இது நல்ல முன்னேற்றம் சார் என்று ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்க்கவே இல்லை. "கால் போனவன் ஏழாம் பக்கம் வரைக்கும் நடந்து வருவானாம்மா?" என்றார்.

நாய்க்குட்டி

அந்த வாரமே வேகத்தைக் கூட்டினோம். 'நீ எனக்கு ஒரு லிங்க் கொடு, நான் உனக்கு ஒன்று தருகிறேன்' என்று மாற்றிக்கொள்கிற வழி ஒன்று உண்டு. யார் ஒத்துக்கொண்டாலும் சரி என்று சேர்த்தேன். தேனிலவுப் பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள், கனடாவில் நாய்க்குட்டி விற்கிறவர்கள், மீன் தொட்டிக்காரர், நடனக் காலணிக் கடை. எல்லோர் பெயரும் ஞானசேகர் சாருடைய வெப்சைட்டில் 'நமது நண்பர்கள்' என்ற பக்கத்தில் வரிசையாக ஏறியது. பட்டறை மூன்றாம் பக்கத்துக்கு வந்தது. பிரபு எனக்கு ஒரு சமோசா வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த சனிக்கிழமை சார் வந்தார். கணவருக்குச் சர்க்கரை நோயில் பாதம் எடுத்துவிட்ட ஒரு அம்மாள், மகனை விட்டு வெப்சைட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போன் செய்தாராம். சார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. அந்த அம்மாள் கேட்டதை அப்படியே என்னிடம் சொன்னார்: "எங்க வீட்டுக்காரருக்குக் கால் வேணும்னுதான் உள்ள வந்தோம், நடுவுல நாய்க்குட்டி எதுக்குங்க?"

அருமையான பதிவு

லிங்க் மாற்றிக்கொள்வது இனிமேல் எடுபடாது என்று பிரபு எங்கோ படித்துவிட்டு வந்தார். அடுத்தது கமெண்ட். அப்போது தமிழில் நிறையப் பேர் வலைப்பூ எழுத ஆரம்பித்திருந்தார்கள். கால், விபத்து, ஆஸ்பத்திரி என்று ஏதாவது சொல்லைத் தேடி, அது வரும் பதிவுக்குக் கீழே ஒரு பாராட்டு, கூடவே பட்டறையின் வெப்சைட் முகவரி. பதிவைப் படிக்க நேரமில்லை. ஒரே வரியை எழுதி வைத்துக்கொண்டு ஒட்டிக்கொண்டே போவேன்: 'அருமையான பதிவு. மிகவும் பயனுள்ளது. எங்கள் தளத்துக்கும் வருகை தாருங்கள்.'

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கமெண்டுக்குப் பதில் வந்திருந்தது. லிங்க் பிழைத்ததா, நீக்கிவிட்டார்களா என்று பார்க்கத்தான் திறந்தேன். எழுதியவர் மலர்விழி, பொத்தேரியில் இருக்கிற ஒரு டீச்சர். அப்புறம்தான் மேலே போய் அவருடைய பதிவை முதல் வரியிலிருந்து படித்தேன். காலேஜ் முடிந்து ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடந்த தம்பி மீது லாரி ஏறியதும், வலது காலை எடுக்க அவரே கையெழுத்துப் போட்டதும், தம்பி அதற்காக அக்காவோடு பேசுவதையே நிறுத்திவிட்டதும் அதில் இருந்தது. அதற்குக் கீழேதான் என் 'அருமையான பதிவு'.

எழுந்து படியிறங்கினேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் ரயில்வே மேம்பாலத்தில் கிழக்கே போய், திரும்ப மேற்கே வந்து, மறுபடி கிழக்கே போனேன். மலர்விழி ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "என் தம்பியின் கால் போனதில் உங்களுக்கு எது பயனுள்ளதாக இருந்தது என்று சொல்ல முடியுமா?"

காணவில்லை

அதே வாரம் வெள்ளிக்கிழமை காலை ஞானசேகர் சாருடைய வெப்சைட் காணாமல் போனது. மூன்றாம் பக்கத்தில் இல்லை, ஏழில் இல்லை, முப்பது வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்தும் இல்லை. தேடுதளத்துக்காரர்கள் எங்கள் தந்திரத்தைக் கண்டுபிடித்துத் தூக்கிவிட்டார்கள். பிரபு எல்லோர் நாற்காலிக்குப் பின்னாலும் போய்ப் போய் நின்றார். தேவி நகத்தைக் கடித்தாள்.

மறுநாள் சார் வந்ததும் நானே எல்லாவற்றையும் சொன்னேன், மலர்விழி விஷயம் உட்பட. "என் பேர்லயா போட்டே?" என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் ஸீட்டுக்கு எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்தப் பதிவைப் படிக்கச் சொன்னார். பாதி ஆபீஸ் கேட்க, முழுசும் படித்தேன். முடிந்ததும் அவர் வெப்சைட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அந்தத் தம்பி இப்ப எந்தக் காலை மாட்டியிருக்கான், அது உராயுதா இல்லையா, அதைக் கேட்டியா?" என்றார்.

பொத்தேரி

கேட்டேன். முதலில் மன்னிப்பு, பிறகு அந்தக் கேள்வி. லிங்க் இல்லாமல் நான் எழுதிய முதல் மெயில் அதுதான். ஒன்பது நாள் பதிலில்லை. ஒவ்வொரு நாளும் அந்தத் தேய்ந்த பொத்தானை இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். பத்தாம் நாள் வந்தது: கால் ஒன்று வாங்கினோம், புண்ணாகிறது என்று தம்பி அதைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டான், வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தாம்பரத்தில் ரயிலேறிப் போனேன். சார் அவருடைய ஸ்கூட்டரில் வந்திருந்தார். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். சார் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் காலைக் கழற்றி அவன் பக்கத்தில் வைத்தார். "என்னோடதும் மொத வருஷம் கடிச்சுது. எந்த இடத்துல கடிக்குது, காட்டு" என்றார். அவன் திரும்பி, அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் அவர்கள் இரண்டு பேருக்கும் நாங்கள் தேவைப்படவில்லை. அளவெடுத்துக்கொண்டு போய், மூன்று வாரத்தில், மிச்சக் காலை நுழைக்கிற குழிப்பகுதியைப் புதிதாகச் செய்து கொண்டுவந்து பொருத்தினார். அன்றைக்கும் போயிருந்தேன். தம்பி வாசல் குழாய் வரை நடந்து போய், குழாயைப் பிடித்துக்கொண்டு நின்று, "அக்கா, ஒரு டம்ளர் குடு" என்றான். மலர்விழி உள்ளே போனவர் டம்ளரை எடுத்துக்கொண்டு வர ரொம்ப நேரமானது.

கிளம்பும்போது என் நாக்கு சும்மா இருக்கவில்லை. இதைப் பற்றி ஒரு பதிவு போடுவீர்களா, கீழே ஒரு லிங்க், என்று கேட்டேவிட்டேன். மலர்விழி, "தம்பி காலை நான் யாருக்கும் விளம்பரமா எழுத மாட்டேன். யாராவது கேட்டா சார் நம்பரைக் குடுப்பேன், அது போதாதா?" என்றார். அது போதுமாகத்தான் இருந்தது. வெப்சைட் கடைசி வரை திரும்பி வரவில்லை, ஆனால் பட்டறையில் சனிக்கிழமையும் ஆள் நின்றதால் சார் எங்கள் ஆபீஸுக்கு வருவது நின்றுபோனது.

மூன்று வருஷத்தில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் லிங்க் கட்டினேன், அதில் ஒன்றையாவது ஒரு மனிதர் அழுத்திப் பார்த்தாரா என்பது மட்டும் இன்றுவரை எனக்குத் தெரியாது.